லமியத் அக்காவின் ஒரு நாள் டிக்கெட்

லமியத் அக்காவுக்கு வாய் நீளம். எங்கள் குடியிருப்பில் இதைச் சொல்லாதவர்கள் கிடையாது, அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் கிடையாது. கணவாய் மீன் கழுவும் கொட்டகையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஐஸ் லாரி தாமதமாக வந்தால் டிரைவரின் ஏழு தலைமுறையையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டுவாள். ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் வந்து, மேடையில் ஏறி, "கடல் மக்களாகிய நீங்கள் இன்று முதல் எங்கள் குடும்பம்" என்று பேசினார். "அப்ப ராத்திரிக்கு உன் வீட்டு ஹால்ல எனக்கும் ஒரு பாய் போடு" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் வந்தது. அது லமியத் அக்காதான்.

நான் உத்தோன். சுற்றுலாப் படகில் கைடு. காலையில் இருபத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு இடத்தில் மீன் காட்டி, கோ லாவுன் தீவில் சோறு போட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பிழைப்பு. லமியத் அக்கா எனக்கு மூன்றாவது வீடு. இந்தக் கதையில் யோக்கியன் என்று பெயர் வாங்கக்கூடிய ஆம்பளை யாரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் புருஷன் பாஹெம் முக்குளிக்கிறவர். படகில் காற்று மோட்டார் ஓடும். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, சிங்கி இறால் பிடிக்க ஆழத்துக்குப் போவார். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் குழாய் மடங்கிக்கொண்டது. மூச்சு முட்டி, மெதுவாக ஏறாவிட்டால் உடம்பு முடங்கும் என்று தெரிந்த மனிதர் ஒரே எட்டில் மேலே வந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், ஒன்பதாம் நாள் உயிரும் போனது. பிறந்த கோ லாவுனில்தான் புதைத்தோம். எங்கள் ஆட்களுக்குக் காலடியில் அலைச் சத்தம் கேட்க வேண்டும். குழி வெட்டிய நான்கு பேரில் நானும் ஒருவன். அவரே ஒரு காலத்தில் கடலுக்கடியிலிருந்து எடுத்துவந்த, ஓரத்தில் பிறை மாதிரி உடைந்த பெரிய சிப்பி ஒன்றை லமியத் அக்கா தலைமாட்டில் பதித்தாள். பெயர் எதுவும் எழுதவில்லை. செத்தவர் பெயரை நாங்கள் எழுதி வைப்பதில்லை.

எழுதி வைக்காததுதான் எங்கள் கேடு. கோ லாவுனில் எங்கள் ஆட்கள் எத்தனை தலைமுறை இருந்தார்கள் என்பதற்குக் காகிதம் கிடையாது. நட்டவனுக்குக் காய் சொந்தம், மண் யாருக்கும் சொந்தமில்லை என்பது எங்கள் வழக்கம். கரையிலிருந்து ஒரு மனிதர் வந்து, "நாலு தென்னை வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டபோது எங்கள் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். அவருக்குக் குழியும் வெட்டிக் கொடுத்தார்கள். காய் அவருக்கு, அதில் என்ன போச்சு என்று நினைத்துவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து அவருடைய மகன் அந்தத் தென்னைகளைக் காட்டியே தீவுக்குப் பட்டா வாங்கினான். வாங்கி, ஒரு சுற்றுலாக் கம்பெனிக்கு விற்றான். இதை யாரிடமாவது சொன்னால், உங்கள் ஆட்கள் இவ்வளவு ஏமாளிகளா என்று கேட்கிறார்கள். ஏமாற்றினவனைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை.

எங்கள் வழக்கப்படி வருடத்தில் ஒரு நாள், ஏப்ரல் மாதம், கடல் படுத்துக் கிடக்கும்போது குழிமேட்டுக்குப் போக வேண்டும். புல்லைப் பிடுங்கி, மணலைக் கூட்டி, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, அங்கேயே உட்கார்ந்து கூடச் சாப்பிட வேண்டும். கம்பெனி முதல் வருடம் போகவிட்டது. இரண்டாம் வருடம் மனு எழுதிக் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு கம்பெனிப் படகு தவிர வேறு படகு கரை தொடக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டது. ஐந்து வருடமாக லமியத் அக்காவால் போக முடியவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் என்னிடம் கேட்பாள்.

"டேய், அவரு இடம் எப்படிடா இருக்கு?"

"அப்படியேதான்க்கா இருக்கு. கொஞ்சம் புல்லு வளந்துச்சு, புடுங்கிப் போட்டேன்."

நான் பிடுங்கவில்லை. பிடுங்குவதற்கு அங்கே புல்லும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கையில் கணவாய் மையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். டால்பின் படம் போட்ட ஒரு அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதப் படிடா உத்தோன். என்னதான் எழுதியிருக்கான்னு கேப்போம்."

நான் படித்தேன். "ஒரு நாள் சொர்க்கம். கோ லாவுன். மதியச் சாப்பாடு, பழம், நீச்சல் கண்ணாடி உட்பட. யாருக்குக்கா இது?"

"எனக்குத்தான். ஏன், எனக்குச் சொர்க்கம் கூடாதா?"

"டிக்கெட்டா வாங்கின? என்னக்கா இது!"

"வேற படகு போகக்கூடாதுன்னுதான சொன்னான்? டிக்கெட் வாங்கினவன் வரக்கூடாதுன்னு சொல்லலையே. உள்ளூர்க்காரிக்குத் தள்ளுபடி வேற குடுத்தாண்டா. என் ஊருக்குப் போக எனக்கே தள்ளுபடி!" அவள் சிரித்தாள்.

"அங்க ஒண்ணும் பண்ண விடமாட்டாங்கக்கா. எனக்குத்தான் கெட்ட பேரு."

"நான் என்னத்தடா பண்ணப் போறேன்? வெள்ளக்காரி குப்புறப் படுக்கறா. நானும் படுத்துக்கறேன், என் புருஷன் பக்கத்துல."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா. நான் மேனேஜர்கிட்ட பேசறேன்."

"நீ அஞ்சு வருஷமா பேசிக்கிட்டுதான் இருக்க. பேசிப் பேசி உன் பல்லுதான் தேஞ்சுது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. என் மனைவி வன்தீ அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விஷயம் தெரியும். நான் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கோழை என்று என்னைத் திட்டிக்கொள்வதில் இப்போது என்ன பிரயோஜனம்.

மறுநாள் காலை படகுத்துறையில் மணிக்கட்டில் பயணிகளுக்குக் கட்டும் நீலப் பட்டையோடு வரிசையில் நின்றாள். நல்ல சாரம், இஸ்திரி போட்ட சட்டை, தலையில் பூப்போட்ட துண்டு. முன்னால் சன் கிரீம் மணக்க இரண்டு ஸ்வீடன்காரர்கள், பின்னால் தேனிலவு ஜோடி ஒன்று. படகில் ஏறும் முன் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். கூடை வைத்திருந்த பெண் அவளிடமும் நீட்டினாள்.

"நான் செருப்பே போடறதில்லம்மா. காலக் கழட்டிப் போடட்டுமா?"

படகு கிளம்பியதும் நான் மைக்கைப் பிடித்தேன். கம்பெனி எழுதிக் கொடுத்ததை ஏழு வருடமாகச் சொல்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "நாம் போகும் கோ லாவுன், மனிதர் காலடியே படாமல் இருந்த கன்னித் தீவு..." அன்றைக்கு அந்த இடத்தில் நாக்கு தடுக்கியது. லமியத் அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"என்னடா சொல்ற அவங்ககிட்ட?" என்று எங்கள் பாஷையில் கத்தினாள்.

"தீவப் பத்திக்கா."

"தீவப் பத்தி என்ன?"

"யாரும் இருந்ததில்லன்னு."

"அப்ப என்னப் பெத்தது கொரங்காடா?"

"என்ன சொல்றாங்க?" என்று ஸ்வீடன்காரர் ஆசையாகக் கேட்டார். "கடல் ரொம்ப அழகா இருக்காம்" என்றேன். அவர் அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அவளும் பதிலுக்கு ஒரு விரலை உயர்த்தினாள். நல்லவேளை, அதுவும் கட்டை விரல்தான்.

முதல் நிறுத்தத்தில் எல்லோரும் ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தார்கள். "வெடி வெச்சா மீனு இப்படித்தாண்டா மெதக்கும்" என்றாள். நான் தடுப்பதற்குள் சாரத்தை இறுக்கி முடிந்துகொண்டு, மிதவையும் கண்ணாடியும் இல்லாமல் குதித்துவிட்டாள். அறுபதை நெருங்கும் பெண். ஒரு நிமிடம் ஆனது, தலை தெரியவில்லை. தேனிலவுப் பெண் கத்த ஆரம்பித்தாள். பிறகு லமியத் அக்கா படகின் மறுபக்கம் சாவகாசமாகத் தலையைத் தூக்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

"பவளமெல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு. பாதி ஒடஞ்சு கெடக்கு, மிதிச்சே ஒடச்சிருக்காங்க. இதையும் நீ எங்கிட்டச் சொல்லல."

"இதையும்" என்ற சொல் என்னைக் குத்தியது. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குத் தீவில் இறங்கினோம். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்று பலகை இருக்கிறது, காவல்காரன் பையைத் திறந்து பார்ப்பான். லமியத் அக்கா வெறுங்கையை வீசிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். நான் பழம் எடுக்க என் ஐஸ் பெட்டியைத் திறந்தால் தர்பூசணிக்கு அடியில் நாலடுக்குத் தூக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. எப்போது வைத்தாள் என்றே தெரியவில்லை. பின்னாலிருந்து கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டாள். "நீ கொண்டாந்தது, நான் இல்ல" என்றாள்.

விருந்தாளிகள் கோழி வறுவலுக்கு வரிசை கட்டினார்கள். அவள் மேற்குக் கரைக்கு நடந்தாள். நான் ஓடிப் போய் முன்னால் நின்றேன்.

"அக்கா, வேண்டாம். நான் சொல்றதக் கேளு. அங்க கொஞ்சம் மாத்திட்டாங்க."

"என்ன மாத்திட்டாங்க?"

என்னைத் தள்ளிவிட்டுப் போனாள்.

எங்கள் ஆட்களின் புதைமேடு முழுவதையும் சமப்படுத்திவிட்டார்கள். வெள்ளை மணல் கொட்டி, அதன் மேல் இருபது சாய்வு நாற்காலிகள், நீலக் குடைகள். கோ லாவுனில் சூரியன் மறைவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது; எங்கள் பெரியவர்களும் அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். லமியத் அக்கா நின்றாள். ஒரு குடையிலிருந்து இன்னொரு குடைக்குப் பார்த்தாள். வளைந்த புன்னை மரத்திலிருந்து எட்டு வைத்து அளந்தாள். பதினோராவது எட்டில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் தொப்பையில் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கால் மணலைக் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய். குழாய்க்கு அடியில் தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய சிப்பி. அதன் ஓரத்தில் அதே பிறை உடைசல். பாஹெம் கையால் எடுத்து, அவள் கையால் தலைமாட்டில் பதித்த சிப்பி.

என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தன வருஷமா?"

"அஞ்சு."

"புல்லு புடுங்கினேன்னு சொன்னியே."

அவள் சிப்பியிலிருந்த அழுக்குத் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாள். நாற்காலியின் காலைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். தூங்கியவர் பதறி எழுந்தார். "ஏந்திரி. நீ என் புருஷன் நெஞ்சு மேல படுத்திருக்க" என்றாள், எங்கள் பாஷையில். அவருக்கு என்ன புரிந்ததோ, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே புத்தகத்தோடு விலகினார். நாற்காலியைத் தூக்கித் தூர வைத்தாள். பக்கத்து நாற்காலியையும் வைத்தாள். நான் உதவிக்குக் கையை நீட்டியபோது, "தொடாத" என்றாள். மண்டியிட்டு, கொட்டிய வெள்ளை மணலை இரண்டு கையாலும் வாரி வாரி அப்புறம் போட்டாள். அடியிலிருந்த பழைய மணல் வரும்வரை வாரினாள். எங்கள் மணல் கொஞ்சம் பழுப்பு. அதில் சிப்பியைத் திரும்பப் பதித்தாள்.

பிறகு தூக்கைத் திறந்தாள். மஞ்சள் சோறு, புளி போட்ட சுறாக் கறி, சுட்ட கணவாய், ஒரு சிகரெட். எடுத்து வைத்துவிட்டு வாய்விட்டுப் பேச ஆரம்பித்தாள். "அஞ்சு வருஷம் பட்டினி போட்டுட்டேன். நான் போடல, இவங்க போட்டாங்க. கோவத்த எம்மேல காட்டாதீங்க. லமியத் குடுக்கறேன், சாப்புடுங்க." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல், எல்லார் மேலும் வந்தது.

அதற்குள் சாப்பாட்டை முடித்த விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். போன்கள் மேலே எழுந்தன. இங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். குழிமேட்டுச் சாப்பாட்டின் போது யார் வந்து நின்றாலும் ஒரு வாய் கொடுக்காமல் விடக்கூடாது, அது பகையாளியே ஆனாலும் சரி. கொடுக்காவிட்டால் செத்தவருக்கு இறங்காது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது பேர் நிற்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, முனகலாகத் திட்டிக்கொண்டே, அந்தச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். "இந்தா, தின்னு. உன் கண்ணு அவிய. இந்தா, நீயும் தின்னு." அவர்கள் இரண்டு கையாலும் வாங்கி, தலையைத் தாழ்த்திச் சாப்பிட்டார்கள். தேனிலவுப் பெண் அழுதாள். ஸ்வீடன்காரர் தன் வாழ்க்கையில் மறக்கவே மாட்டேன் என்றார். கடைசி உருண்டை முடிந்ததும், எனக்குச் சொல்லவே கூசுகிறது, எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் மேனேஜர் குன் சக்தா வந்தார். அவர் கெட்ட வார்த்தை பேச மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது. என் கைடு அட்டை அன்றோடு போனது என்றுதான் நினைத்தேன். அவரோ விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்தார், போன்களைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கை கூப்பினார்.

"அம்மா, ரொம்ப அருமையா இருந்துச்சு."

"எது?"

"நீங்க பண்ணினதுதான். எங்க ஆளுங்க எத்தனையோ நடனம், நெருப்பு விளையாட்டெல்லாம் வெச்சுப் பாத்தாங்க. இந்த மாதிரி யாரும் அழுததில்ல. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் வந்து பண்ணுங்க. படகு, சாப்பாடு, சம்பளம் எல்லாம் குடுத்துடறோம்."

லமியத் அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"நாற்காலியெல்லாம் எடுத்துடுவீங்களா?"

"கண்டிப்பா. நீங்க பண்ற அந்த ஒரு மணி நேரம் எடுத்துடுவோம். முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாம்."

"உங்க அப்பா இருக்காரா?"

"தவறிட்டாரும்மா. அஸ்தி கோயில்ல இருக்கு."

"நான் அதுமேல ஒரு நாற்காலி போட்டு ஒக்காந்துக்கறேன். செவ்வாய், வெள்ளி ஒரு மணி நேரம் மட்டும் எந்திரிச்சு நிக்கறேன். நீங்க வந்து கும்பிட்டுக்கங்க. சம்மதமா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என் தோளில் கை வைத்து ஓரமாகக் கூட்டிப் போனார். "இவங்க வேண்டாம், கோவக்காரங்களா இருக்காங்க. இனி இவங்களுக்கு டிக்கெட்டும் குடுக்காதீங்க. உங்க ஆளுங்கள்ல வேற யாராவது பொம்பளையப் பாருங்க உத்தோன். நிகழ்ச்சி எனக்கு வேணும். ஆள் கெடைக்கலன்னா, இன்னைக்கு வெளிச் சாப்பாடு எப்படி உள்ள வந்துச்சுன்னு நான் விசாரிக்க வேண்டியிருக்கும்." இதையும் அன்பாகத்தான் சொன்னார்.

திரும்பும்போது அவள் படகின் மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். துறையில் இறங்கும்போது என் பக்கம் நின்றாள்.

"குழி வெட்டினவன் நீ. மத்தவனுக்கெல்லாம் அது வெறும் மணலு. உனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். வாய் நீளம் என்று ஊரே சொல்லும் பெண் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தொண்டையைக்கூடச் செருமாமல் போனாள். எதிரே வந்தால் என்னைத் தாண்டி வேலியைப் பார்த்தாள்.

நிகழ்ச்சிக்கு ஆள் தேடி, குடியிருப்பில் நான்கு வீட்டில் கேட்டேன். நாலு பேரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் வன்தீ, "நான் போறேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? அக்கா மூஞ்சில எப்படி முழிப்ப?"

"நீ மட்டும் முழிச்சிக்கிட்டா இருக்க? உன் அட்டை போச்சுன்னா நம்ம கதி என்ன? நம்ம ஆளு யாரும் போகலன்னா கரையிலருந்து ஒரு டான்ஸ்காரியக் கூட்டிட்டு வந்து ஒக்கார வெப்பாங்க. நான் போனா, வாரத்துல ரெண்டு மணி நேரமாவது அந்த மனுஷன் மேல யாரும் படுக்காம இருப்பாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லா ஈனத்தனத்துக்கும் இப்படி ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

இப்படித்தான் ஆரம்பித்தது. செவ்வாய், வெள்ளி, மதியம் இரண்டு மணி. நாற்காலிகளை எடுத்து, மணலைக் கூட்டி, கயிறு கட்டிவிடுவார்கள். வன்தீ கம்பெனி கொடுத்த சிவப்புச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, அந்தச் சிப்பிக்கு முன்னால் உட்காருவாள். நான் மைக்கில் சொல்வேன்: "இவர் கடல் மக்களில் ஒருவர். கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த விதவை." என் பொண்டாட்டியை நானே விதவை என்று அறிமுகம் செய்கிறேன், பக்கத்தில் உயிரோடு நின்றுகொண்டு. அவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். முதல் வாரம் நடித்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. கன்னித் தீவில் மனிதனே இருந்ததில்லை என்று காலையில் சொன்னவன், மதியம் இது யார் குழி என்று சொல்கிறேன். ஒரு விருந்தாளிகூட அதைக் கேள்வி கேட்டதில்லை.

இரண்டு மாதம் ஓடியது. மழைக்காலத்துக்காகப் படகு நிற்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் லமியத் அக்கா நின்றாள். கையில் ஒரு பிளாஸ்க். வன்தீ கட்டியிருந்த சிவப்புச் சாரத்தை மேலும் கீழும் பார்த்தாள். வன்தீ சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாத. உங்கிட்டப் பேச வரல. ஏண்டி வன்தீ, அவருக்கு என்ன வெக்கற?"

"கம்பெனி குடுக்கறதுதான்க்கா. நூடுல்ஸ், அன்னாசிப் பழம். அப்புறம் ஒரு கோலா."

"கோலாவா?"

வன்தீ தலையைக் குனிந்தாள். அக்கா அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். பிளாஸ்க்கை எங்கள் வாசல்படியில் ணங்கென்று வைத்தாள்.

"அவரு ஆயுசுல கோலா குடிச்சதில்லடி. கறுப்புக் காப்பி. சர்க்கரை ஒரு துளி இருந்தாலும் துப்பிடுவாரு. சூடு ஆறக்கூடாது, போனதும் மொதல்ல இத ஊத்து." திரும்பிப் போகப் போனவள் மறுபடி நின்றாள். "ஊத்தும்போது லமியத் குடுத்ததுன்னு சொல்லு. உன் பேரச் சொன்னா அவருக்கு யாருன்னு தெரியாது."

வன்தீ குனிந்து பிளாஸ்க்கை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். துறை வரைக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.